நாலு நாள் லீவு, மூன்று பிள்ளைகள், ஒரு மாமியார். எங்கே போகலாம்?

மூணாம்_லயம்

எல்லாருக்கும் வணக்கம், சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். வருசக் கடைசிப் பள்ளி விடுமுறையில் வீட்டுக்காரருக்கு நாலு நாள் லீவு கிடைத்திருக்கிறது. செம்பனைத் தோட்டத்தில் மண்டோர் (ஆட்களை மேய்க்கிற) வேலை, இந்த நாலு நாளுக்கே இரண்டு மாதம் கெஞ்ச வேண்டியிருந்தது. பெரியவனுக்கு 11 வயது, நடுவில் உள்ள மகளுக்கு 7, சின்னவனுக்கு 3. கூட மாமியார், 68 வயது, 22 வருசம் பால்மரம் (ரப்பர்) வெட்டிப் பால் எடுத்தவர், இப்போது முழங்கால் வலி. கையில் 1500 வெள்ளி (ரிங்கிட்), அதற்கு மேல் ஒரு காசு கிடையாது.

போன வருசம் கேமரன் மலைக்குப் போனோம். காலை பத்து மணிக்குக் கிளம்பி தாப்பா வழியாக ஏறினோம், மகள் மூன்று தடவை வாந்தி, கொண்டுபோன துணியெல்லாம் வழியிலேயே தீர்ந்துவிட்டது. மேலே போனால் கார் நகரவேயில்லை. ஸ்ட்ராபெரி பறிக்கிற இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது சின்னவன் தூங்கிவிட்டான், எழுப்பினால் ஊரைக் கூட்டுகிற அழுகை. சரி, தேயிலையாவது பார்ப்போம் என்று போனால் மாமியார் காரை விட்டே இறங்கவில்லை. "தோட்டத்துல இருந்து கிளம்பி தோட்டத்தைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, வீட்டுக்காரருக்குக் கோபம் வந்தது, திரும்பி வரும்போது காரில் யாரும் பேசவில்லை.

இந்தத் தடவை அப்படி ஆகக்கூடாது. எல்லாருக்கும் பிடிக்கிற மாதிரி ஒரு இடம் சொல்லுங்கள்.

கெந்திங்_பிரியன்

கெந்திங் போங்கள் அக்கா, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கேபிள் காரில் பத்து நிமிசம், மேலே குளுகுளு, 2022-ல் திறந்த ஸ்கைவோர்ல்ட்ஸ் விளையாட்டுப் பூங்கா இருக்கிறது, பெரியவன் காலத்துக்கும் மறக்க மாட்டான்.

நாசிலெமாக்_அக்கா

தம்பி, உனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா? ஆறு பேருக்கு டிக்கெட், சாப்பாடு, அறை என்று பள்ளி விடுமுறை விலையில் கூட்டிப் பார். 1500 வெள்ளி முதல் நாள் ராத்திரியே பறந்துவிடும். அந்த மூன்று வயசுப் பிள்ளை உயரம் போதாமல் முக்கால்வாசி விளையாட்டில் ஏறக்கூட முடியாது.

லாரி_அண்ணன்

தங்கச்சி, நான் கேமரன் காய்கறி லாரி ஓட்டுகிறவன். ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டு தாப்பா வரைக்கும் எதற்கு இறங்கினீர்கள்? ஈப்போ தாண்டியதும் சிம்பாங் பூலாயில் பிரிகிற பாதை இருக்கிறதே, அது புதுசு, அகலம், வளைவும் பெரிசு பெரிசாக இருக்கும். தாப்பா பாதை வெள்ளைக்காரன் காலத்துப் பாதை, பாம்பு மாதிரி போகும், அதில் வாந்தி எடுக்காத பிள்ளைதான் அதிசயம்.

அடுத்தது நேரம். விடுமுறையில் காலை பத்துக்கு மேல் சாயங்காலம் வரைக்கும் கியா ஃபார்ம் சந்தைப் பக்கம் நாங்களே போக மாட்டோம். விடியும் முன்னே ஏறி, எல்லாரும் ஏறும்போது நீ இறங்க வேண்டும். அது முடியாதென்றால் அந்த மலையை விடுமுறை முடிந்து பார்த்துக்கொள்ளலாம், அது எங்கேயும் ஓடிப்போகாது.

மகள் வாந்திக்கு: வயிறு முட்டச் சாப்பிட வைக்கக்கூடாது, வெறும் வயிறும் கூடாது, நாலு பிஸ்கட் போதும். காரில் கைப்பேசி கொடுக்காதே. கண் திரையில் அசையாமல் இருக்கும், உடம்பு மட்டும் வளைவுக்கு வளைவு ஆடும், அந்த இரண்டும் ஒத்துப்போகாமல்தான் குமட்டும். தூரத்தில் தெரிகிற மலையைப் பார்க்கச் சொல். வாயில் ஒரு ஆசாம் போய் (உப்பும் புளிப்புமான உலர்ந்த பழம்) போட்டுக் கொடு, என் பிள்ளைகளுக்கு அது கேட்டது. மாத்திரை வேண்டுமென்றால் மருந்துக் கடையில் வயசைச் சொல்லிக் கேட்டு வாங்கு.

கணக்குப்பிள்ளை

எதற்கு இந்த 1500 வெள்ளிச் செலவு என்று எனக்குப் புரியவில்லை. சோறு கட்டிக்கொண்டு லெங்கோங் பக்கம் லாத்தா கெக்காபு போங்கள். அருவி, பாறை, குளிர்ந்த தண்ணீர், பெட்ரோல் காசோடு முடிந்தது. பிள்ளைகளுக்குத் தண்ணீர் இருந்தால் போதும், வேறு ஒன்றும் கேட்காது. மிச்சக் காசில் பள்ளி திறக்கும்போது சப்பாத்து, பை, சீருடை வாங்கலாம்.

ஓய்வு_வாத்தியார்

அருவி நல்ல யோசனைதான், ஆனால் வருசக் கடைசி மழைக்காலம் என்பதை மறந்துவிட்டீர்கள். நீங்கள் நிற்கிற இடத்தில் வெயில் அடிக்கும், மேலே மலையில் கொட்டித் தீர்த்திருக்கும், ஐந்து நிமிடத்தில் சுவர் மாதிரி தண்ணீர் வரும். மலாய்க்காரர்கள் 'கெப்பாலா ஆயர்' என்பார்கள், தண்ணீரின் தலை. தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கினால், இலையும் சுள்ளியும் வழக்கத்துக்கு மேல் மிதந்து வந்தால், மேலே இரைச்சல் கேட்டால், பாயையும் சோற்றையும் விட்டுவிட்டுப் பிள்ளையை மட்டும் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏற வேண்டும். வாலிபர்கள் ஓடிவிடுவார்கள். மூன்று வயதுக் குழந்தையும் முழங்கால் வலிக்காரரும் பாறையில் எப்படி ஓடுவார்கள்? மழை குறைந்த மாதத்தில் காலையில் போய் மதியத்துக்குள் திரும்பி வாருங்கள், அப்போது நானும் வருகிறேன்.

கணக்குப்பிள்ளை

சரி வாத்தியாரே, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் 1500 அதிகம்.

கெந்திங்_பிரியன்

அப்படியென்றால் ரெடாங், பெர்ஹெந்தியான்? பளிங்கு மாதிரி தண்ணீர்!

லாரி_அண்ணன்

தம்பி, நவம்பரிலிருந்து கிழக்குக் கரையில் பருவக்காற்று. அந்தத் தீவுகளில் பெரும்பாலான விடுதிகளையே மூடிவிடுவார்கள். நீ பேசாமல் கெந்திங்கிலேயே இரு.

நாசிலெமாக்_அக்கா

இடம் பேசுகிறதற்கு முன்னே ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நாலு பிள்ளைகளோடு பட்டுத் தெரிந்துகொண்ட விசயம் இது. நாங்கள் ஒரு தடவை கோலாலம்பூர் போய் ஒரே நாளில் மிருகக்காட்சி சாலை, இரட்டைக் கோபுரம், பத்துமலை மூன்றையும் முடித்தோம். முடித்தோம் என்றுதான் சொல்ல வேண்டும், பார்த்தோம் என்று சொல்ல முடியாது. பத்துமலையில் 272 படி, இரண்டு பிள்ளைகள் பாதியில் உட்கார்ந்துவிட்டார்கள், அவர் ஒன்றைத் தூக்கினார், நான் ஒன்றைத் தூக்கினேன், மேலே போய் முருகனைக் கும்பிடும்போது எனக்கு மூச்சுத்தான் வந்தது, வேண்டுதல் எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. வீட்டுக்கு வந்து எது பிடித்தது என்று கேட்டால் நாலும் சொன்னது என்ன தெரியுமா? ஹோட்டல் லிஃப்ட்! பொத்தானை அமுக்கினதுதான் பிடித்ததாம். அதற்கு அடுத்தது கோபுரத்துக்குப் பக்கத்துப் பூங்காவில் சின்னப் பிள்ளைகள் கால் நனைக்கிற குளம், அது இலவசம்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு ஒரு இடம்தான். காலையில் போ, மதியம் சாப்பிட்டுத் தூங்கு, சாயங்காலம் சும்மா இரு. இந்த 'சும்மா இரு' என்பதுதான் நம் ஆட்களுக்கு வராது. காசு கொடுத்து வந்துவிட்டோம், இன்னும் இரண்டு இடம் பார்த்துவிட வேண்டும் என்று பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடுவோம், அப்புறம் நடுத்தெருவில் அழுகிற பிள்ளையை நாமே அடிப்போம்.

தங்கச்சி, போன வருசம் உன் தப்பு கேமரன் இல்லை. நீங்கள் வைத்திருந்த பட்டியல்.

மூணாம்_லயம்

அக்கா, நீங்கள் என் வீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்த மாதிரி எழுதியிருக்கிறீர்கள். வீட்டுக்காரர் நிஜமாகவே பட்டியல் வைத்திருந்தார், ஒன்பது இடம். நாங்கள் பார்த்தது இரண்டு.

தண்ணீர்மலை_தம்பி

பினாங்கிலிருந்து வணக்கம். அக்கா, காரை வீட்டில் விட்டுவிட்டு ரயிலில் வாருங்கள். உங்கள் ஊரிலேயே இடிஎஸ் (மின்சார விரைவு ரயில்) நிற்கிறதே! சுங்கை சிப்புட்டில் ஏறினால் பட்டர்வொர்த், மாறி ஏற வேண்டியதில்லை. மகளுக்கு வளைவு இல்லை, வாந்தி இல்லை. சின்னவன் ரயிலுக்குள் நடக்கலாம். வீட்டுக்காரர் ஓட்ட வேண்டியதில்லை, அவருக்கும் அது லீவுதானே? பிள்ளைகளுக்குக் கட்டணம் குறைவு, 60 தாண்டியவர்களுக்கும் குறைவு. ஆனால் விடுமுறை டிக்கெட் விற்பனைக்கு வந்ததும் பறந்துவிடும், திறந்த அன்றைக்கே வாங்குங்கள்.

பட்டர்வொர்த்தில் இறங்கி நடந்தே ஃபெர்ரி துறைக்குப் போய்விடலாம். 2021 முதல் அதில் கார் ஏற்றுவதில்லை, ஆட்களுக்குப் பெரியவருக்கு இரண்டு வெள்ளிதான். அந்த இரண்டு வெள்ளிக்குப் பிள்ளைகளுக்குக் கப்பல் பயணமே கிடைத்த மாதிரி. 13.5 கிலோமீட்டர் பாலத்தில் காரில் போனால் பின் சீட்டில் இருக்கிறவனுக்குக் கம்பிதான் தெரியும்.

இரண்டு ராத்திரி போதும். கொடிமலை (பினாங்கு ஹில்) ரயில் 1923-லிருந்து ஓடுகிறது, இப்போது இருப்பது புதுப் பெட்டி, சில நிமிடங்களில் மேலே கொண்டுபோய் விடும், படி ஏற வேண்டாம், பாட்டிக்கும் தோது. மேலே முருகன் கோயில் இருக்கிறது. ஆனால் காலை ஏழு மணிக்கெல்லாம் அடிவாரத்தில் நிற்க வேண்டும், ஒன்பதுக்குப் போனால் வரிசையில் நின்றே வெயில் காய வேண்டியதுதான். இன்னொரு நாள் காலையில் தண்ணீர்மலை தாவரவியல் தோட்டம், 1884-ல் ஆரம்பித்தது, நுழைய காசு கிடையாது. குரங்கு உண்டு, பிளாஸ்டிக் பையில் சாப்பாடு தூக்கிக்கொண்டு போகாதீர்கள். பிள்ளைகளின் மைகிட், உங்கள் மைகாட் என்று அடையாள அட்டை எல்லாம் எடுத்து வாருங்கள், பல இடத்தில் நம் நாட்டவருக்கு விலை வேறு.

கணக்குப்பிள்ளை

தங்குவதற்கு ஹோட்டல் வேண்டாம், அடுப்பு உள்ள ஹோம்ஸ்டே பாருங்கள். ரைஸ் குக்கர் எடுத்துப் போங்கள். காலைக்கு ரொட்டி முட்டை, ராத்திரிக்குச் சோறும் நெத்திலி சம்பலும். மதியம் மட்டும் வெளியே. ஆறு பேர் மூன்று வேளை கடையில் சாப்பிட்டால் அறை வாடகையை விட அதிகம் வரும்.

நாசிலெமாக்_அக்கா

ஆமாம், அங்கேயும் போய் நாங்கள்தான் சமைக்க வேண்டும். யாருக்கு லீவு இது?

கணக்குப்பிள்ளை

நான் சமைப்பேன் என்றுதான் எழுதினேன், படித்துப் பாருங்கள்.

நாசிலெமாக்_அக்கா

எழுதவில்லை. ஆனால் இப்போது எழுதிவிட்டீர்கள், உங்கள் வீட்டம்மாவிடம் காட்டச் சொல்கிறேன்.

ஓய்வு_வாத்தியார்

ரயில் யோசனையை நான் வழிமொழிகிறேன். பெரியவனுக்கு ஒரு வேலை கொடுங்கள் அம்மா. ஒரு நோட்டில் நிலையங்களின் பெயரை எழுதிக்கொண்டே வரட்டும். பாடாங் ரெங்காஸ் தாண்டியதும் புக்கிட் பெராப்பிட் சுரங்கம் வரும், மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீளம், எத்தனை வினாடி இருட்டு என்று எண்ணச் சொல்லுங்கள். தைப்பிங் தாண்டி புக்கிட் மேரா ஏரிக்கு நடுவே ரயில் போகும், இரண்டு பக்கமும் தண்ணீர். அந்த நேரத்தில் யாரும் தூங்கக்கூடாது. தைப்பிங் வரும்போது சொல்லுங்கள், நம் நாட்டின் முதல் ரயில் 1885-ல் அங்கிருந்துதான் போர்ட் வெல்டுக்கு ஓடியது. பதினொரு வயதுப் பிள்ளைக்குப் பொறுப்பு கொடுத்தால் பாதி சண்டை குறையும். ஒரு நாளைக்கு இவ்வளவு என்று தின்பண்டக் காசையும் அவனிடமே கொடுத்துப் பாருங்கள்.

இன்னொன்று. நாலு நாளையும் வெளியே கழிக்காதீர்கள். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிடுங்கள். நாலாம் நாள் காலையில் கோலகங்சார் வாருங்கள், உங்களுக்கு அரை மணி நேரம்தானே. மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் மரம் நிற்கிறது. 1877-ல் கொண்டுவந்து நட்ட கன்றுகளில் மிஞ்சியது. உங்கள் மாமியார் 22 வருடம் வெட்டியவர் என்று எழுதியிருந்தீர்கள், அதனால் சொல்கிறேன்.

மூணாம்_லயம்

வாத்தியார் ஐயா, தோட்டத்தைப் பார்க்கத் தோட்டமா என்று கேட்டவர் மரத்தைப் பார்க்க வருவாரா? இருந்தாலும் கேட்டுப் பார்க்கிறேன். டிக்கெட் எடுத்துவிட்டோம்! வீட்டுக்காரர் மறுபடி பட்டியல் எழுத ஆரம்பித்தார், அக்கா எழுதினதைப் படித்துக் காட்டினேன், கிழித்துப் போட்டுவிட்டார்.

மூணாம்_லயம்

போய் வந்து ஒரு வாரம் ஆகிறது. கேட்டவர்களுக்காக நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதலில் கெட்டது. ஹோம்ஸ்டே நாலாவது மாடி, விளம்பரத்தில் லிஃப்ட் என்று போட்டிருந்தது, போய்ப் பார்த்தால் கதவில் 'பழுது' என்று அட்டை, அந்த அட்டையே பழசாகியிருந்தது. மாமியாரை ஒவ்வொரு மாடியிலும் நாற்காலி போட்டு உட்கார வைத்து ஏற்றினோம். போன் போட்டால் எடுக்கவில்லை. முழங்கால் வலி உள்ளவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் காசு கட்டும் முன்னே எந்த மாடி, லிஃப்ட் இன்றைக்கு ஓடுகிறதா என்று வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள். இதனால் 'மதியம் வந்து தூங்கு' என்பது மாமியாருக்கு நடக்கவில்லை, ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் ஏறினார். மதியமெல்லாம் பக்கத்து மாரியம்மன் கோயில் மண்டபத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். அங்கே இரண்டு பாட்டிகள் தோழிகளாகக் கிடைத்தார்கள், சாயங்காலம் கூப்பிட்டால் வர மனசில்லை.

நல்லது ரயில். மகள் ஒரு தடவை கூட வாந்தி எடுக்கவில்லை. சுரங்கத்தில் பெரியவன் எண்ணினான், மகளும் எண்ணினாள், இரண்டு பேர் கணக்கும் ஒத்துவரவில்லை, பட்டர்வொர்த் வரைக்கும் அதே சண்டை. ஏரி வந்தபோது சின்னவன் தூங்கிவிட்டான் (எப்போதும் இப்படித்தான்).

ஆனால் ஃபெர்ரியில் முழித்துக்கொண்டான். அக்கரை போனதும் இறங்க மாட்டேன் என்று தரையில் படுத்துவிட்டான். போன வருசமாக இருந்தால் இழுத்துக்கொண்டு ஓடியிருப்போம். இந்தத் தடவை வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். பையையும் மாமியாரையும் என்னோடு விட்டுவிட்டு மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மறுபடி பட்டர்வொர்த் போய்த் திரும்பி வந்தார். அன்றைக்கு வேறு எங்கேயும் போகவில்லை. ராத்திரி பாடாங் கோத்தா கடற்கரையில் பசெம்போர் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டோம்.

கொடிமலைக்கு ஏழு மணிக்கே போய்விட்டோம், தம்பிக்கு நன்றி. மாமியார் மேலே முருகன் கோயிலில் ரொம்ப நேரம் நின்றார். நாங்கள் ஒன்பது மணி வாக்கில் இறங்கும்போது கீழே வரிசையைப் பார்த்து வீட்டுக்காரர் வாயைத் திறக்கவில்லை, ஆனால் நடையிலேயே பெருமை தெரிந்தது. பெரியவனுக்கு மட்டும் கொஞ்சம் குறை, தெலுக் பஹாங்கில் இருக்கிற நீர்ச்சறுக்கு விளையாட்டுக்குப் போகவில்லை என்று. 1111 மீட்டர் சறுக்கு இருக்கிறதாம், கின்னஸ் சாதனையாம், வகுப்பில் எல்லாரும் போயிருக்கிறார்களாம். காசு எவ்வளவு மிச்சம் என்று அவனையே கணக்குப் பார்க்கச் சொன்னேன், பார்த்தான், அப்புறம் கேட்கவில்லை. முகம் மட்டும் ஒரு மணி நேரம் உம்மென்று இருந்தது. தண்ணீர்மலையில் குரங்கு வாழைப்பழப் பையைப் பிடுங்கிக்கொண்டு போனது. எச்சரித்தீர்கள், தம்பி, தப்பு என்னுடையது.

மொத்தச் செலவு 1340 வெள்ளி. கணக்குப்பிள்ளை அண்ணனுக்கு: ரைஸ் குக்கர் எடுத்துப் போனோம், வீட்டுக்காரர்தான் சோறு வைத்தார், கொஞ்சம் குழைந்துவிட்டது.

நாலாம் நாள் கோலகங்சார். மாமியார் மரம் என்றதும் வர மாட்டேன் என்றார், பேத்தி கெஞ்சினதால் வந்தார். காரிலிருந்து இறங்கி மரத்தை மேலும் கீழும் பார்த்தார். "இதுதானா? இவ்வளவு பெரிசா?" என்றார். நாங்கள் பார்த்த மரமெல்லாம் இருபத்தைந்து முப்பது வருசத்தில் வெட்டிப்போட்டுவிட்டு மறுநடவு செய்கிற மரம்தானே, வயசான ரப்பர் மரத்தை அவரும் பார்த்ததில்லை. மகள், "பாட்டி, இதை எப்படி வெட்டுவீங்க?" என்று கேட்டாள். குடையைக் கத்தி மாதிரி பிடித்துக்கொண்டார். இடது பக்கம் மேலே ஆரம்பித்து வலது பக்கம் கீழே சரித்து, காற்றிலேயே கோடு போட்டுக் காட்டினார். மாற்றி வெட்டினால் பால் குறையும், ஆழமாக வெட்டினால் மரத்துக்குக் காயம், கங்காணி திட்டுவான் என்றார். விடியும் முன்னே ஏன் போக வேண்டும், தலையில் விளக்கு எப்படிக் கட்டுவது, பெரட்டில் (காலையில் ஆள் கணக்கெடுக்கிற இடத்தில்) பெயர் கூப்பிடும்போது தூங்கி விழுந்தது, மழை வந்தால் பால் பிடிக்கிற மங்கில் தண்ணீர் கலந்து அன்றைக்குக் கூலி போனது, எல்லாம் வந்தது. பெரியவன் ரயில் நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்துவிட்டான். எனக்குக் கல்யாணமாகி 13 வருசம், இதில் பாதியை நானே கேட்டதில்லை.

ஓய்வு_வாத்தியார்

மரத்தைச் சுற்றி நின்றது எவ்வளவு நேரம் அம்மா?

மூணாம்_லயம்

ஒன்றரை மணி நேரம் ஐயா. அரண்மனை, மசூதி எதுவும் பார்க்கவில்லை. சின்னவன் கூட அழவில்லை, அவனும் ஒரு குச்சியை வைத்து வெட்டிக்கொண்டிருந்தான்.

நாசிலெமாக்_அக்கா

இப்போது பேசுகிறீர்களா இரண்டு பேரும்?

மூணாம்_லயம்

பேசுகிறோம் அக்கா :) தம்பியிடம் ஒன்று கேட்க வேண்டும். மாமியார் நேற்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார், இந்த ரயில் தம்பின் என்கிற ஊர் வரைக்கும் போகுமா என்று. அவர் தங்கச்சி அங்கே இருக்கிறார், முழங்காலை மடக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் காரில் உட்கார முடியாது என்று போகவில்லை, பார்த்துப் பதினொரு வருசம் ஆகிறதாம். போகுமா?

தண்ணீர்மலை_தம்பி

போகும் அக்கா. டிக்கெட்டில் 'புலாவ் செபாங்/தம்பின்' என்று இருக்கும், அங்கேதான் இறங்க வேண்டும். வழியில் மாற வேண்டியிருக்கிறதா என்று மட்டும் அந்த நாள் நேரத்தை வைத்துப் பார்த்துவிடுங்கள். அடுத்த பள்ளி விடுமுறைக்கு என்றால் தேதியை இப்போதே குறித்து வையுங்கள்.